பொகவந்தலாவையில் துயிலும் நிழற்படக் கலைஞர்

இலங்கையின் மலைநாட்டைக் காட்டும் பழைய அச்சுப்படங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகின் பல நாடுகளிலும் உளர். கண்டி மாநகர் பிரித்தானியர் கைப்பட்டது 1815ஆம் ஆண்டில். அதன்பின் நான்கு ஆண்டுகள் கழிவதற்குள், 1819இல், வில்லியம் லிட்டில்டன் என்னும் படையதிகாரி வரைந்த ஆறு காட்சிகள் இலண்டனில் செப்புத் தகட்டு அச்சாக வெளிவந்தன. ஒபிரையன் என்னும் நில அளவை அதிகாரியின் பதினைந்து காட்சிகள் 1864இல் கல்லச்சில் வந்தன. பின்னர் நிழற்படக்காரர் வந்தனர். ஜோசப் லோட்டன் 1866ஆம் ஆண்டளவில் கண்டியில் தொழில் தொடங்கினார். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அனுராதபுரம், பொலன்னறுவை ஆகிய பண்டைத் தலைநகரங்களின் இடிபாடுகளைப் படம்பிடித்துத் தந்தவரும் அவரே. ஸ்கோவன், ஸ்கீன் முதலியோரின் நிலையங்கள் கண்டி வாவியையும் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் கோப்பித் தோட்டங்களையும் படமாக்கி விற்றன. ஊர் திரும்பும் துரைமாரும் கப்பற் பயணிகளும் அவற்றை வாங்கிப் படத்தொகுப்பேடுகளில் ஒட்டிக்கொண்டு சென்றனர். இன்று ஏலத்திற்கு வரும் பழம் படங்களுட் பல, அத்தகைய ஏடுகளிலிருந்து பிரிந்து வந்தவையே.

இப்படங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். மலைக்குப் பெயர் உண்டு. அருவிக்குப் பெயர் உண்டு. தோட்டத்திற்கும் பெயர் உண்டு. ஆனால் அருவியின் ஓரத்திலோ கோப்பிச் செடிகளின் நடுவிலோ சிற்றுருவாய் நிற்கின்ற மனிதனுக்குப் பெயர் இல்லை. மலையின் உயரத்தை அளந்து காட்டும் அளவுகோலாகவே பெரும்பாலும் அவன் நிறுத்தப்பட்டான்.

அந்தக் காலத்திலே, அதே மலைநாட்டோடு தொடர்புடைய ஓர் அம்மையார், தம் கருவியை மலைக்கு எதிரே நிறுத்தாது மனித முகத்திற்கு எதிரே நிறுத்தினார். நிழற்படக்கலையின் வரலாற்றில் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படும் அவர், ஹற்றனுக்கு அப்பாலுள்ள பொகவந்தலாவையில், புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரன். அவருடைய வரலாற்றை அறிவது மலையகத்தாருக்கு மட்டுமன்றி, பழைய படம் ஒன்றேனும் வீட்டிலே வைத்திருப்போர் அனைவருக்கும் பயன் தருவதாகும்.

பிறப்பும் இல்லறமும்

கமரன் என்ற பெயர் எம் பழைய மாணவர்க்குப் புதியதன்று. கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என வரலாற்று வகுப்பிலே மனனஞ் செய்து பரீட்சைக்கு எழுதாதார் யார்? இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும், சட்டநிரூபண சபை தோன்றியதும், நாடு முழுவதற்கும் ஒரே நீதிமுறை ஏற்பட்டதும் அந்த விசாரணைக் குழுவின் அறிக்கைகளின் பயனாகவே. அக்குழுவில் நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை எழுதிய சாள்ஸ் ஹே கமரன் என்பாரே நம் அம்மையாரின் கணவர்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் நாள் கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பற்றில், கிழக்கிந்தியக் கும்பனியின் உயர் அதிகாரி. தாயார் பிரெஞ்சு வழிவந்தவர். அழகுக்குப் பேர்போன சகோதரியர் பலருக்கிடையே, அழகினாலன்றி அறிவாலும் ஊக்கத்தாலும் பெயரெடுத்தவர் ஜூலியா. கல்வி பெரும்பாலும் பிரான்சிலே நிகழ்ந்தது.

உடல்நலம் தேறும் பொருட்டு 1836இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்த காலை, அவர் இருவரைச் சந்தித்தார். ஒருவர் சாள்ஸ் கமரன். தம்மினும் இருபது ஆண்டு மூத்தவர். மற்றவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய்வதற்காக அங்கே தங்கியிருந்த வானியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். முன்னவரை 1838இல் கல்கத்தாவில் மணந்துகொண்டார். பின்னவர் அவர்க்கு வாழ்நாள் முழுவதும் நண்பரும் ஆசானும் ஆனார். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டிலேயே அச்செய்தியை அம்மையாருக்குக் கடிதமூலம் தெரிவித்தவர் ஹேர்ஷலே. ஒளியால் வரைந்த படம் நிலைபெறுவதற்கு வேண்டிய இரசாயனத்தைக் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை நினைவிற் கொள்க.

சாள்ஸ் கமரன் இந்தியாவில் சட்ட ஆணைக்குழுவிலும், பின்னர் தலைமை ஆளுநரின் சபையில் சட்ட உறுப்பினராகவும் பணியாற்றினார். 1848இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து சென்றபோது அவருடைய செல்வத்திற் பெரும்பங்கு இலங்கையின் மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்களாக நின்றது. குடும்பத்தில் ஒரு பெண்ணும் ஐந்து ஆண்களுமாக அறுவர் பிறந்தனர். அவரன்றி, உறவினர் பிள்ளைகளும் ஆதரவற்ற பிள்ளைகளும் அவ்வில்லத்தில் வளர்ந்தனர். தெருவிலே பிச்சை கேட்டு நின்ற மேரி றயன் என்னும் ஐரிஷ் சிறுமியை அம்மையார் இல்லத்திற் சேர்த்துப் படிப்பித்தார். அவளைப் படமாகக் கண்டு மனம் பறிகொடுத்து மணந்துகொண்டவர் ஹென்றி கொட்டன். அவரே 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்தியத் தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

1860ஆம் ஆண்டில் கமரன் குடும்பம் வைற் தீவிலுள்ள பிறெஷ்வோட்டர் என்னும் கடற்கரை ஊரிலே, கவிஞர் டென்னிசனின் இல்லத்துக்கு அண்மையில் குடியேறியது. இரண்டு வீடுகளை இணைத்து அமைத்த அம்மனைக்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா. நுவரெலியாவுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட மலைவெளியிலே டிம்புள்ள எனப் பெயர் வழங்கும் பகுதியை அறியாதார் மலையகத்தில் இலர். அங்கிருந்த தோட்டத்தின் பெயரே கடல் கடந்து சென்று ஆங்கிலத் தீவொன்றில் ஒரு வீட்டின் வாயிலில் ஏறியது. அவ்வில்லத்தின் வாழ்வு இம்மலைகளின் விளைச்சலைப் பெரிதும் நம்பியிருந்தது. அவ்விளைச்சலுக்கு உழைத்தவர், இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சை முதலான மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்துவந்த தமிழ் மக்கள். வழியிலே கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானோர் மிகப் பலர்.

நாற்பத்தெட்டாம் வயதிற் கற்ற கலை

1863ஆம் ஆண்டின் இறுதியில் கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றிருந்தார். தாயாரின் தனிமையைப் போக்கும் பொருட்டு மகளும் மருமகனும் அவருக்கு ஒரு படப்பிடிப்புக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அம்மையாருக்கு வயது நாற்பத்தெட்டு. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிப் பொழுதுபோக்குதற்குரிய வயது என்று அக்காலத்தார் கருதிய வயது அது. அவரோ கோழிக்கூடு ஒன்றைக் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்புக் கூடமாக மாற்றினார். நிலக்கரி வைத்திருந்த அறையை இருட்டறையாக்கினார். சில வாரங்களுக்குள், 1864ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், அனி என்னும் சிறுமியின் படம் அவர் மனம் நிறையும்படி வாய்த்தது. அதனையே தம் முதல் வெற்றியென அவர் கொண்டார்.

அக்காலப் படப்பிடிப்பு எளிதான செயலன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைக் கரைசலை ஊற்றிச் சீராகப் பரப்புதல் வேண்டும்; அதனை வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் தோய்த்து, ஈரம் உலருமுன் கருவியிற் செருகிப் படம்பிடித்து, ஈரம் உலருமுன்னரே இருட்டறையில் விளக்கி எடுத்தல் வேண்டும். சிறிது தாமதித்தாலும் தகடு பாழாகும். அம்மையார் விரும்பிய மென்மையான ஒளியில் எதிரே அமர்ந்தவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. பின்னர் அத்தகட்டை, முட்டை வெண்கரு பூசி வெள்ளியுப்பேற்றிய தாளோடு பொருத்தி, வெயிலில் வைத்து அச்செடுப்பர். படத்தைப் பெரிதாக்கும் வசதியின்மையால், எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய கண்ணாடித் தகடு வேண்டும். அம்மையார் 1866இலிருந்து பதினைந்து அங்குலமும் பன்னிரண்டு அங்குலமும் கொண்ட தகடுகளைக் கையாண்டார். வெள்ளி நைத்திரேற்றுப் பட்டுக் கரியேறிய விரல்களோடும் கறைபடிந்த ஆடையோடும் அவர் விருந்தினரை வரவேற்றாரென்பர்.

அக்காலத்து நிழற்படச் சங்கத்தார் அவருடைய படங்களைக் குறைகூறினர். கூர்மையில்லை, தகட்டிலே கீறலும் கறையும் உள்ளன, தொழில் தெரியாதவர் என்றனர். அவரோ மயிர்க்காலையும் பொத்தானையும் எண்ணிக் காட்டுதல் தம் நோக்கமன்று என்பதில் உறுதியாய் நின்றார். முகத்தை அண்மையிற் கொணர்ந்து, ஒருபுறத்து ஒளியிலே நிறுத்தி, ஏனையவற்றை இருளில் ஆழ்த்தி, அகத்தின் நிலையை முகத்திலே காட்டினார். ஹேர்ஷல், டென்னிசன், கார்லைல், பிறவுனிங், டார்வின் முதலிய பேரறிஞரின் உருவங்கள் பிற்காலத்தார் மனத்தில் நிற்பது இவர் எடுத்த படங்களின் வாயிலாகவே என்றால் மிகையாகாது. 1865இல் இலண்டனின் தென் கென்சிங்டன் அரும்பொருளகம் அவருடைய அச்சுகளை வாங்கியது. 1868இல் அவ்வரும்பொருளகமே தன் கட்டடத்தில் இரண்டு அறைகளைப் படப்பிடிப்புக்கென அவருக்கு ஒதுக்கியது. பேர்லின் கண்காட்சியிற் பரிசுகளும் கிடைத்தன.

அவர் வரலாற்றிற் போற்றத்தக்க இயல்பொன்று உண்டு. பெரியோரை மட்டும் அவர் படம்பிடிக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை இயேசுவின் அன்னையாக அமர்த்தி மீண்டும் மீண்டும் படமெடுத்தார். மேற்சொன்ன மேரி றயனும் அவ்வாறே பல கோலங்களிற் படமானாள். டார்வினுக்குக் கொடுத்த ஒளியையே பணிப்பெண்ணுக்கும் கொடுத்தார். அவற்றுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட படங்களை 1864க்கும் 1875க்கும் இடையே பதிப்புரிமைப் பதிவேட்டில் முறையாகப் பதிவுசெய்தார். நண்பர்க்குத் தொகுப்பேடுகளைத் தம் கையால் அமைத்துக் கொடுத்தார். பல அச்சுகளின் அடியிலே பெயரும் கையொப்பமும் இட்டார்.

களுத்துறைக் கரையில்

கலை புகழ் தந்ததேயன்றிச் செல்வந் தரவில்லை. டென்னிசனின் ஆதர் மன்னன் காவியத்துக்குப் படங்கள் அமைத்து 1874, 1875ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்டவையும் இலாபம் ஈட்டவில்லை. இதற்கிடையே இலங்கைத் தோட்டங்களுக்குக் கேடு வந்திருந்தது. 1869இல் கோப்பி இலையிலே செம்மஞ்சட் பொடிபோன்ற ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. முதலில் அதனைப் பொருட்படுத்தாத தோட்டத்துரைமார் பின்னர் நிலைகுலைந்தனர். முதுமையடைந்த சாள்ஸ் கமரனுக்கோ இலங்கை மண்மீது தீராத பற்று. புதல்வர் சிலரும் அத்தீவிலேயே இருந்தனர். ஆகவே 1875ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் குடும்பம் கப்பலேறியது. அயல்நாட்டில் இறக்க நேர்ந்தால் வேண்டுமே என்று இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுசென்றனர் என்பது பலரும் எடுத்தெழுதிய செய்தி. சாவை அவர்கள் அஞ்சவில்லை. அதற்கு ஆயத்தமாகவே வந்தனர்.

இலங்கையில் அவர்கள் மலைத் தோட்டங்களிலும், அரசாங்க சேவையிலிருந்த மகன் ஹார்டிஞ்சின் களுத்துறை இல்லத்திலுமாக மாறிமாறி வாழ்ந்தனர். 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உலகெங்கும் சென்று செடிகொடிகளை வண்ணத்திற் தீட்டிய மேரியன் நோர்த் அம்மையார் களுத்துறைக்கு விருந்தாக வந்தார். அவரை இருத்தியும் நிறுத்தியும் நம் அம்மையார் பல தகடுகள் எடுத்தார். அவ்வீட்டைப் பற்றி நோர்த் எழுதி வைத்த குறிப்புகளுள் ஒன்று சுவையானது. ஒரு மனிதனின் முதுகின் அழகைக் கண்டு வியந்த அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக அமர்த்துமாறு மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டிலோ தோட்டமே இருக்கவில்லை. கலைஞரின் கண் எத்தகையது என்பதை இது காட்டும். அக்கண் யாரை வேண்டுமாயினும் வேலைக்கமர்த்திப் பார்க்கும் வசதி படைத்திருந்தது என்பதையும் இது காட்டும்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. வெப்பமும், இரசாயனப் பொருள்களுக்கும் படத்தாளுக்கும் கடல் கடந்த ஊர்களை நம்பியிருக்க வேண்டிய நிலையும், குறைந்துவந்த பொருள்வளமும் அவர் கையைக் கட்டியிருத்தல் வேண்டும். அச்சிலவற்றுள் நீர்க்குடத்தோடு நிற்கும் இளம்பெண்கள் உளர்; முதியவரும் சிறுமியும் உளர்; குடும்பமாக நிற்கும் உழைப்பாளிகள் உளர். சிங்களவரும் தமிழரும் ஆகிய அம்மாந்தர் அக்காலக் காட்சிப் படங்களிற் போல அருவிக்கும் மலைக்கும் அளவுகோலாய் நிற்கவில்லை. படச்சட்டத்தை நிறைத்து, நேரே நம்மை நோக்குகின்றனர். நூறாண்டுக்கு மேல் கடந்தும் அந்நோக்கின் கனம் குறையவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் நேர்மையாகாது. பிறெஷ்வோட்டரின் பணிப்பெண்ணுக்குப் பெயர் எழுதப்பட்டது. அவள் வாழ்க்கை வரலாறும் பின்னர் ஆராயப்பட்டது. களுத்துறையில் நின்றோரோ ஊரின் பெயராலும் தொழிலின் பெயராலும் இனத்தின் பெயராலுமே சுட்டப்பட்டனர். களுத்துறைக் குடியானவர் எனத் தலைப்பிட்ட ஒரு படம் புகழ்பெற்றது. அதிலே, சிறுமியின் வயது பன்னிரண்டென்றும், தந்தையென்று சொல்லிக்கொள்ளும் முதியவர் தம் வயதை நூறென்று கூறுகின்றாரென்றும் அம்மையார் எழுதினார். வயதைக் கேட்டவர் பெயரை எழுதவில்லை. தோட்ட உரிமையாளரின் மனைவி நிற்கச் சொன்னபோது மறுத்துரைக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்பதும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அம்மையாரின் அன்புள்ளத்தை ஐயுற வேண்டியதில்லை. அன்புள்ளங் கொண்ட ஒருவருக்கும் அக்காலத்து ஆட்சிமுறை எத்துணைப் பெரிய திரையிட்டிருந்தது என்பதையே இங்கு உணர்தல் வேண்டும்.

மலையில் மறைவு

1878இல் அம்மையார் ஒருமுறை இங்கிலாந்து சென்று மீண்டார். மீண்டு வந்த சில காலத்தில் நோயுற்று, 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், கிளென்கெயன் தோட்டத்தில் உயிர்நீத்தார். அப்போது வயது அறுபத்து மூன்று. புகையிரதம் அந்நாளில் நாவலப்பிட்டி வரையே வந்திருந்தது. ஹற்றனுக்கு அது வந்தது 1884இலேதான். மலைப்பாதை வழியாகவே அவருடைய உடல் பொகவந்தலாவைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் சாள்ஸ் கமரனும் மறைந்து, மனைவியின் அருகே அடக்கமானார். ஒரு நாட்டின் நீதிமுறையை வகுத்தவரும், ஒரு கலையின் போக்கை வகுத்தவரும் அம்மலைச் சாரலில் அருகருகே துயில்கின்றனர். அவர்களைச் சூழ்ந்து நின்ற கோப்பி சில ஆண்டுகளுக்குள் அழிந்தொழிந்தது. லூல்கந்துரையிலே 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட தேயிலை, மலைமுழுதும் பரவியது. பருவத்துக்கு வந்து ஊர் திரும்பும் கோப்பித் தொழிலாளர் போய், ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்கும் மக்கள் லயங்களிலே நிலையாகக் குடியேறினர்.

அச்சுகள் பிழைத்த வகை

அம்மையார் மறைந்தபின் அவர் பெயர் சிலகாலம் மங்கிக் கிடந்தது. முட்டை வெண்கருத் தாளில் அச்சிட்ட படம் வெளிச்சத்தாலும் ஈரத்தாலும் மஞ்சளித்து மங்கும் இயல்புடையது. ஆயினும் அவருடைய அச்சுகள் பிழைத்தன. 1926இல் அவருடைய தங்கை வழிப் பேர்த்தியாகிய எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ப், ஓவியத் திறனாய்வாளர் றொஜர் பிறையுடன் சேர்ந்து, அப்படங்களுள் தேர்ந்தவற்றைத் தம் குடும்ப அச்சகத்தின் வாயிலாக நூலாக்கினார். வேர்ஜினியாவின் கணவர் லெனாட் வுல்ப் இலங்கைச் சிவில் சேவையில் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் பணியாற்றியவர் என்பதை நம்மவர் அறிவர். 1948இல் ஹெல்மற் கேர்ன்ஷைம் என்னும் சேகரிப்பாளர் அம்மையாரின் வரலாற்றை முதன்முதலாக விரிவாக எழுதினார். அவர் தேடிச் சேர்த்த பெருந்தொகுதி 1963இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது.

ஹேர்ஷலுக்கென அம்மையார் அமைத்துக் கொடுத்த தொகுப்பேடு 1974இல் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளர் அதனை 52,000 பவுணுக்கு எடுத்தார். நாட்டை விட்டு அது வெளியேறுவதைப் பிரித்தானிய அரசு நிறுத்திவைத்தது. அதே தொகையைத் திரட்டி இலண்டன் தேசிய உருவப்பட மண்டபம் 1975இல் அதனை உரிமையாக்கிக்கொண்டது. கோழிக்கூட்டிற் பிறந்த படங்கள் ஒரு நாட்டின் செல்வமாக மதிக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டில், எஞ்சிய அவர் படங்கள் ஆயிரத்திருநூற்றுக்கு மேற்பட்டவற்றை ஒன்றும் விடாது வரிசைப்படுத்திய பெருநூலொன்று வெளிவந்தது.

இவை பிழைத்தமைக்குக் காரணம் கலைச்சிறப்பு மாத்திரமன்று. பெயர் எழுதப்பட்டது; ஆண்டு எழுதப்பட்டது; பதிவேட்டிற் பதியப்பட்டது; ஏட்டில் ஒழுங்காக ஒட்டப்பட்டது; ஏட்டைப் பெற்றவர் பேணினார். எதிரே இருப்பவர் இன்னார் என்று தெரிந்த படத்தை எவரும் எளிதில் எறிவதில்லை. பெயரற்ற முகமோ, வைத்திருந்தவர் மறைந்ததும் குப்பையோடு குப்பையாகிறது.

பெயரும் ஆண்டும் எழுதிய ஒரு சிறு தாளின் மதிப்பு யாது என்பதை மலையகத் தமிழரைப் போல் அறிந்தோர் குறைவு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இத்தீவிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. மலைகளைக் கழனியாக்கியவரின் பேரர் அதற்குச் சான்று தேடி அலைந்தனர். தோட்டக் கணக்கேடுகளிற் கோப்பியின் நிறை இருந்தது; கூலியின் கணக்கு இருந்தது; பிறப்பைக் காட்டும் பத்திரம் பலர்க்கு இருக்கவில்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை, நாடற்றோராய் நின்ற அம்மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003இலேதான். கமரன் அம்மையாரின் படங்கள் ஒன்றும் விடாமற் கணக்கெடுக்கப்பட்ட அதே ஆண்டிலேயே, அவர் படம்பிடித்த உழைப்பாளரின் வழித்தோன்றல்களும் கணக்கில் வந்தனர்.

நாம் செய்யத்தக்கது

பழம்படஞ் சேகரித்தல் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு என நினைத்தல் தவறு. லிட்டில்டனின் அச்சையும் கமரன் அம்மையாரின் அச்சையும் விலைகொடுத்து வாங்க நம்மாற் கூடாதிருக்கலாம். நம் வீடுகளிலே, தகரப்பெட்டிகளின் அடியிலும் சுவாமிப் படங்களின் பின்னும் கிடக்கின்ற படங்களுக்கு விலை வேண்டியதில்லை. திருமணப் படம், கோயிற் கொடியேற்றப் படம், தோட்டப் பாடசாலைப் படம், கப்பலேறுமுன் எடுத்த படம் எனப் பலவாறாக அவை இருக்கும். இன்று முதியோர் முகங்களைச் சுட்டிப் பெயர் சொல்ல வல்லர். அவர் மறைந்தபின் அப்படங்களும் களுத்துறைக் குடியானவர் படம் போலவே ஆகிவிடும்.

ஆகவே, படத்தை ஒட்டுப்பசையால் ஒட்டாதீர்கள். வெயில் படும் சுவரிலே மூலப்படத்தை மாட்டாதீர்கள். ஈரமற்ற இடத்தில், அமிலமற்ற தாளுறையில் வையுங்கள். பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். மையாற் எழுதினால் அது தாளிலே ஊறிப் படத்தைக் கெடுக்கும். கைத்தொலைபேசியால் ஒரு பிரதி எடுத்து உறவினர்க்கு அனுப்பும் வசதி இன்று அனைவர்க்கும் உண்டு. அப்பிரதியோடு பெயரும் செல்லட்டும்.

விழாமலர் ஒன்றில் இதனைக் கூறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லூரிகளின் பழைய குழுப்படங்களை நோக்குங்கள். நடுவில் அதிபர், இருபுறமும் ஆசிரியர், பின்னே மாணவர், காலடியில் வென்ற கேடயங்கள். கீழே வரிசை வரிசையாகப் பெயர்கள். வரிசையின் ஓரத்திலே, சிறிது விலகி, கைகளைக் கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பதைப் பல படங்களிற் காணலாம். மணி அடித்தவர், விடுதியிற் சமைத்தவர், மைதானத்திற் புல் செதுக்கியவர் ஆகியோருள் ஒருவராக அவர் இருப்பார். பெயர்வரிசை அவருக்கு முன்னரே முடிந்துவிடும். பழைய மாணவர் பலர்க்கு அவருடைய பெயர் இன்றும் நினைவிலுண்டு. பசித்த வேளையில் அவர் மறைத்து வைத்துக் கொடுத்த சோற்றின் சுவையும் நினைவிலுண்டு. அந்த நினைவு இருக்கும் நாளிலேயே, விட்டுப்போன பெயர்களை அவ்வரிசைகளின் இறுதியிற் சேர்த்தெழுதி, கல்லூரி நூலகங்களிற் சேர்ப்பித்தல் பழைய மாணவர் சங்கங்களின் கடனாகும்.